டைல்ஸ் போட்ட கட்டுத்தறி

வாங்க தம்பி, வாங்க. செருப்பை மட்டும் கேட்டுக்கு வெளியவே உட்டுட்டு வாங்க. அங்கயே பைப்பு இருக்குது பாருங்க, காலைக் கழுவிக்கங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, எங்கூட்டுக்கு யாரு வந்தாலும் இப்பிடித்தான். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுல கால் தேஞ்சு தரையக் கீறுது. இதுல உக்காருங்க. கொஞ்சம் செவுத்துக்கு இந்தப் பக்கமா தள்ளிப் போட்டுக்கங்க, தலை எண்ணெய் பட்டுரும். ஆங், அப்பிடி.

டைல்ஸ் போட்ட கட்டுத்தறியப் பாக்கோணும்னு வந்திருக்கறீங்க. உங்க ஊட்டுலயும் மாட்டுக்குப் புதுசாக் கொட்டாய் போடறீங்க, அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு. சரி. யாரு சொல்லி அனுப்புனாங்கன்னு நான் கேக்கல. சும்மா சொல்லி அனுப்புனாங்களா, சிரிச்சுக்கிட்டே சொல்லி அனுப்புனாங்களா, அதை மட்டும் சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டேதான? தெரியும். பஸ் நிக்கற எடத்துல எறங்கி பூவாத்தா ஊடு எதுன்னு கேட்டிருந்தீங்கன்னா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. டைல்ஸ்காரம்மா ஊடுன்னு கேட்டா கையப் புடிச்சுக் கூட்டியாந்து உட்டுருவாங்க. அந்தப் பேரு எனக்கு எப்பிடி வந்துச்சுங்கறதக் கேட்டுட்டு அப்பறமா உள்ள போயிப் பாருங்க. இல்லீன்னா நீங்களும் ஊருக்குப் போயி சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவீங்க.

இந்த ஊடு எம்பையன் சம்பத்து கட்டுனது. திருப்பூர்ல பனியன் கம்பெனில மேனேஜரா இருக்கறான். நாங்க அந்தக் காலத்துல சாணி போட்டு வழிச்ச தரையில படுத்தவங்க. மழை வந்தா ஒரு வாசம் அடிக்கும், தேள் வரும், பாயத் தூக்கிக்கிட்டு மூலைக்கு மூலை ஓடோணும். அதனால ஊடு கட்டறப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், தரை நல்லா இருக்கோணும்னு. அவனும் பாத்துப் பாத்துப் போட்டான். நீங்களே குனிஞ்சு பாருங்க, உங்க மொகம் தெரியும். எங்க மருமக வந்தா இந்தத் தரையில நடக்கக்கூட யோசிப்பா. சோபாவுல உக்காரவே மாட்டா, அந்தக் கதவோரமா நின்னுக்குவா. வந்தா ஒரு நாளு, ரெண்டு நாளு, நின்னவாக்குலயே இருந்துட்டுத் திருப்பூருக்குப் போயிருவா. அவ்வளவு மரியாதையான புள்ள.

ஊடு குடி போறப்ப பசுவும் கன்னும் மொதல்ல உள்ள வரோணுமில்லீங்களா. வேற ஊட்டு மாட்டை எதுக்குக் கூப்படறது, நம்ம பவுனு இருக்குதே. பவுனுதான் எங்க கட்டுத்தறிக்கே ராணி. செவப்புல நெத்தியில வெள்ளச் சுழி. அதோட அம்மா கன்னு போட்டதும் செத்துப்போச்சு, நானே புட்டிப்பால் குடுத்து வளத்தேன். மாலை போட்டு, மஞ்சத்துணி கட்டிக் கூட்டியாந்தோம். வாசப்படி தாண்டி நடுக்கூடத்துக்கு வந்துச்சுங்க தம்பி, வந்து நாலு காலையும் ஊனிக்கிட்டு அப்பிடியே நின்னுருச்சு. மேளச்சத்தத்துக்கும் அசையல, ஹோமப் பொகைக்கும் அசையல. ஒரு அடி எடுத்து வெக்கல. உடம்பு மட்டும் லேசா நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. பூசை பண்ண வந்த ஐயரு, எத்தனையோ ஊட்டுல பாத்திருக்கறேன், இப்பிடிச் செலையாட்டம் நின்ன பசுவப் பாத்ததில்லன்னாரு. ஒறம்பரை, சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாம் வந்து தொட்டுக் கும்பிட்டாங்க. பூசை முடிஞ்சும் அது வெளிய போகல. ஆளுங்க சேந்து தூக்காத கொறையா இழுத்துட்டுப் போனாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்கு இந்த ஊட்ட உட்டுப் போக மனசில்லன்னு நெனச்சேன்.

அன்னைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நாம மட்டும் டைல்ஸ்ல நடக்கறம், அது போயி சேத்துல நிக்குது. டைல்ஸ் நெறையா மிச்சம் கெடந்துச்சு. கொத்தனார்கிட்டச் சொன்னேன். அவரு தலையச் சொறிஞ்சுக்கிட்டு, ஏனுங்க, மாட்டுக்குங்களான்னாரு. மாட்டுக்குத்தான், நீங்க பூசற வேலையப் பாருங்கன்னேன். எங்கூட்டுக்காரரும் வேண்டாம்னுதான் சொன்னாரு. அவரு எதச் சொன்னாலும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாரு, அதனால நான் காதுல போட்டுக்கல. செவுத்துக்குப் பாதி வரைக்கும் நீல டைல்ஸ், தரைக்கு வெள்ளை. மேல பேன். காத்தால சாமி பாட்டுக்கு ஒரு ரேடியோ. வாசலும் சேறாகக் கூடாதுன்னு கேட்டு வரைக்கும் சிமென்ட்டு போட்டேன். கேபிள் டிவிக்காரங்க வந்து படம் புடிச்சுட்டுப் போனாங்க. அப்பவும் ஊர்ல டைல்ஸ்காரம்மான்னுதான் சொன்னாங்க தம்பி, ஆனா அப்பச் சொன்னது வேற மாதிரி. அதக் கேக்க எனக்கு நல்லா இருந்துச்சு.

போட்டா மட்டும் ஆச்சுங்களா, வெச்சுக்கோணுமில்ல. மாடுன்னா சாணி போடும், படுத்தா அந்தச் சாணியிலயே தொடைய வெச்சுப் படுக்கும். கழுவிக் கழுவி எனக்குக் கை உட்டுப் போச்சு. அதனால ஒண்ணு பழக்குனேன். படுக்கலாம்னு முன்னங்காலை மடக்கும் பாருங்க, அப்பவே 'ஏய், எந்திரி'ன்னு ஒரு சத்தம், கூட்டற சீமாத்தத் தரையில ஒரு தட்டு. அவ்வளவுதான். அடிக்கமாட்டேன். எங்க செங்கோட்டுமலை ஆண்டவன் மேல ஆணையா ஒரு மாட்டையும் நான் ஒரு அடி அடிச்சதில்ல. கொஞ்ச நாள்லயே பழகிக்கிச்சுங்க. அப்பறம் சத்தமே வேண்டியதில்ல, நான் உள்ள போனாப் போதும், எல்லாம் எந்திரிச்சு வரிசையா நின்னுக்கும். அப்பறம் பகல்ல படுக்கறதே நின்னு போச்சு. பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிக்கற புள்ளைங்களாட்டம் நிக்கும். வந்தவங்க எல்லாம் கேப்பாங்க, எப்பிடீங்க இத்தனை சுத்தமா வெச்சிருக்கறீங்கன்னு.

பக்கத்துல அர்த்தனாரி கொட்டாயையும் பாத்திருப்பீங்க வர்றப்ப. தென்னங்கீத்து போட்ட கொட்டாயி, கீழ வெறும் மண்ணு. ஊருல அவனாட்டம் ஒரு சோம்பேறிய நீங்க பாக்க முடியாது. சாணிய ஒரு ஓரமாத் தள்ளிட்டு, அது மேல சோளத்தட்டுக் கூளத்தப் போட்டு மூடிட்டு, கயித்துக்கட்டலப் போட்டு மாட்டுக்குப் பக்கத்துலயே தூங்குவான். மாடும் தூங்கும். கயித்தச் சுருக்கிக் கட்டக்கூட சோம்பல் அவனுக்கு, நீளமா உட்டு வெச்சிருப்பான். பூரா மாடும் தொடையில சாணி காஞ்சு தட்டுத் தட்டா நிக்கும். அந்தப் பக்கம் காத்தடிச்சா நான் ஜன்னலச் சாத்திருவேன்.

சரி, கதைக்கு வர்றேன். போன வருசத்துல இருந்து பவுனுக்கு என்னமோ ஆயிருச்சுங்க. பால் கொறஞ்சுது. காலு வீங்குன மாதிரி இருந்துச்சு, நடக்கையில ஒவ்வொரு காலா யோசிச்சு யோசிச்சு வெச்சுது. தண்ணித்தொட்டிக்குக் கூப்பட்டா வராது, கொண்டு போயிக் குடுத்தாத்தான் குடிக்கும். நான் நெனச்சேன், செல்லங் குடுத்து வளத்ததுல திமுரு ஏறிப் போச்சுன்னு. எங்கூட்டுக்காரரு, இது இனிமே ஆகாது, வாரச்சந்தைக்குப் புடிச்சுட்டுப் போயிரலாம்னு தரகனையே வரச் சொல்லிட்டாரு. சந்தைக்குப் போற காலு நொண்டி மாடு எங்க போகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல. எனக்குச் சோறு எறங்கல. புட்டிப்பால் குடுத்த கையில்லீங்களா இது.

அந்த நேரத்துலதான் பால் எடுக்கற கம்பெனிக்காரங்க சொன்னாங்க, எந்தப் பண்ணையில மாடு நல்லா இருக்குதுன்னு பாக்க ஒரு டாக்டரம்மா வருது, நல்லா இருக்கற பண்ணைக்கு வாசல்ல மாட்டறதுக்கு ஒரு போர்டு குடுப்பாங்கன்னு. மாடு எப்பிடி இருக்குதுன்னு பாத்துச் சொல்றதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதாம். பாலு எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்களாம். மாடு சொகமா இருக்குதா, எங்கயாவது நோவுதா, மனுசரக் கண்டாப் பயப்படுதா, அதப் பாப்பாங்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மாட்டோட சொகத்தப் பாக்கோணும்னா எங்கூட்டுக்குத்தான வரோணும். எங்கூட்டுக்காரருகிட்ட நான் பந்தயமே கட்டுனேன். போர்டு நமக்கு வந்துச்சுன்னா பவுன விக்கக் கூடாது, போர்டோட எடுக்கற போட்டோவுல அதுதான் நிக்கோணும்னு. அவரும் சரின்னுட்டாரு. அதுக்கப்பறம் எனக்குப் போர்டு ஒண்ணுதாங்க கண்ணுல தெரிஞ்சுது.

வர்ற அன்னைக்கு விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சேன். ஒவ்வொரு மாட்டையும் பேத்திக்கு வாங்கி வெச்சிருந்த ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுனேன். நெத்திக்குக் குங்குமம், கழுத்துக்குச் சாமந்தி மாலை. தரைக்குச் சோப்புத்தண்ணி ஊத்தித் தேச்சு, பினாயில் போட்டுத் தொடச்சு, மறுபடியும் ஒருக்காத் தொடச்சேன். கண்ணாடியாட்டம் இருந்துச்சு.

அந்தப் புள்ள ஸ்கூட்டர்ல வந்து எறங்குச்சு. தூத்துக்குடிப் பக்கமாம், பேரு பெனிட்டா. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்சு. நான் சொன்னேன், அம்மிணி, அதக் கழட்டிட்டு வாங்கன்னு. கழட்டிட்டு சாக்ஸோட உள்ள வந்துச்சு, வந்ததும் ஒரு சறுக்கு சறுக்கிக் கம்பியப் புடிச்சுக்கிச்சு. பால் சொசைட்டி செகரட்டரி, கம்பெனி ஆளு, வேடிக்கை பாக்க அக்கம்பக்கத்துல இருந்து ஒரு கூட்டமே நின்னுச்சு. நான்தான் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன். அர்த்தனாரியக் கூடக் கூப்பட்டேன், அவனும் பாத்துக் கத்துக்கட்டும்னு.

பேனக் காட்டுனேன், பாக்கல. ரேடியோவப் போட்டேன், நிறுத்தச் சொல்லிருச்சு. ஒரு சேர வாங்கி மூலையில போட்டு உக்காந்துக்கிட்டு மாட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரம்ங்கறீங்க, காப்பி ஆறிப்போயி ஆடை கட்டற வரைக்கும், வெயில் உள்ள வர்ற வரைக்கும். என்னதான் பாக்குதுன்னு எனக்குப் புரியல. நடுவுல பவுனு சாணி போட்டுச்சு, நான் ஓடிப்போயி சீமாத்த எடுத்துக்கிட்டு உள்ள போனேன். போனதும் எல்லா மாடும் ஒட்டுக்காத் தலையத் தூக்கிக் காத வெறச்சுது. பாத்தீங்களா டாக்டரம்மா, என்னயக் கண்டதும் எவ்வளவு பாசம்னு சொன்னேன். அது நோட்டுல என்னமோ எழுதிக்கிச்சு.

அப்பறம் ஒண்ணு கேட்டுச்சு. "அம்மா, இதுங்க எப்ப படுக்கும்?"

நான் பெருமையாச் சொன்னேன், எங்க மாடு பகல்ல படுக்கவே படுக்காது, பழக்கி வெச்சிருக்கறேன்னு. எப்பிடிப் பழக்குனேன்னு செஞ்சும் காட்டுனேன் தம்பி, சீமாத்தத் தட்டி. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கறாங்க. நான் காட்டறேன்.

அந்தப் புள்ள எந்திரிச்சு வந்து ஒவ்வொரு மாட்டோட காலையும் தடவிப் பாத்துச்சு. முட்டியில முடியே இல்ல, பின்னங்கால் மூட்டுல தோலு தேஞ்சு பொருக்குத் தட்டியிருந்துச்சு. நானும் தெனமும் குளிப்பாட்டறேன், அது என் கண்ணுல படாம இல்ல. உரசியிருக்கும்னு நெனச்சுக்குவேன். அது சொல்லுச்சு, சத்தமாக்கூடச் சொல்லல. "மாடு ஒரு நாள்ல பாதிப்பொழுது படுத்துத்தான் இருக்கணும்மா. படுத்துத்தான் நிம்மதியா அசை போடும், படுத்தாத்தான் காலு ஆறும், பாலும் ஊறும். இதுங்களுக்குப் படுக்க ஆசைதான். படுத்தா இந்தத் தரையில எந்திரிக்க முடியாதுன்னு பயம். எந்திரிக்கலைன்னா நீங்க வந்துருவீங்கன்னு பயம்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. என்னயக் கண்டா என்ற மாட்டுக்குப் பயமா? நானா உடுவேன்? குடி போன அன்னைக்கு பவுனு நடுக்கூடத்துல நின்ன கதைய எடுத்துச் சொன்னேன். அதுக்குப் புடிக்கலீன்னா எதுக்கு அம்மிணி அப்பிடி நிக்கும்னு கேட்டேன். அது என்னய ஒரு மாதிரியாப் பாத்துச்சு, பாவமாப் பாத்துச்சுன்னு வெச்சுக்கங்க. கால எடுத்து வெச்சா வழுக்கிருமோன்னு நடுங்கிக்கிட்டு நின்னிருக்கும்மான்னுச்சு. கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அன்னைக்குத் தொட்டுக் கும்பிட்ட ஆளுங்கதான் தம்பி, அதே ஆளுங்கதான்.

எனக்கு வந்த கோவத்துல, பாருங்க எங்க மாட்டோட நடையன்னு பவுனோட கயித்த நானே அவுத்தேன். நடக்க வெச்சுப் பாக்கறது அவங்க வழக்கமாம், ஆனா இங்க வேண்டாம், வெளிய மண்ணுல பாத்துக்கலாம்னுதான் அது சொல்லுச்சு. எனக்கு வீம்பு. வா சாமின்னு இழுத்தேன். பவுனு ஒரு அடி வெச்சுது. ரெண்டாவது அடிக்குப் பின்னங்கால் ரெண்டும் ரெண்டு பக்கமாப் போயிருச்சு. அப்பிடியே வயிறு தரையில படற மாதிரி உழுந்துச்சு. அந்தச் சத்தத்த நான் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கறேன். எந்திரிக்கப் பாக்குது, வழுக்குது. மறுபடி பாக்குது, வழுக்குது. கொளம்பு டைல்ஸ்ல கீறுது. வாயில நொரை. அதுவரைக்கும் ஒரு சத்தம் போடாத மாடு, ஒரே ஒருக்கா 'அம்மா'ன்னுச்சு. எங்கூட்டுக்காரரு வாலப் புடிச்சுத் தூக்கப் போனாரு, டாக்டரம்மா யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு, தலையப் புடிச்சுக்கிட்டுக் கீழயே உக்காந்துருச்சு. மண்ணு கொண்டாங்க, ஒரு கூடை மண்ணு, கூளம், எதுவா இருந்தாலும் கொண்டாங்கன்னு கேட்டுச்சு.

எங்கூட்டுல ஒரு கூடை மண்ணு இல்லீங்க தம்பி. வாசல் பூரா சிமென்ட்டு. பின்னால பொடக்காளி பூரா சிமென்ட்டு. காட்டுக்குப் போயித்தான் எடுக்கோணும். அர்த்தனாரி ஓடுனான். அவன் ஓடி நான் பாத்ததே அன்னைக்குத்தான். அவன் கொட்டாயில இருந்து சாணியும் கூளமும் கலந்த மண்ண ரெண்டு கையிலயும் கூடை கூடையாக் கொண்டாந்தான், கொண்டாந்து பவுனோட காலுக்கடியில கொட்டப் போனான்.

அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கறது, ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதச் சொல்லித்தான சிரிக்கறாங்க. மாடு கெடந்து துடிக்குது, நான் சொன்னேன், "அர்த்தனாரி, பாத்துக் கொட்டு, டைல்ஸ் இடுக்குல மண்ணு போயிரும்."

யாரும் சிரிக்கக்கூட இல்ல அப்ப. கூடையக் கையில வெச்சுக்கிட்டு அவன் என்னயப் பாத்தான். எங்கூட்டுக்காரரு பாத்தாரு. கல்யாணம் ஆனதுல இருந்து அவரு என்னய அப்பிடிப் பாத்ததில்ல. வாய் தவறி வந்துருச்சுங்க. எந்நேரமும் தொடச்சுக்கிட்டே இருக்கறவளுக்கு வாயில அதுதான வரும்? மனசுல பவுனுதான் இருந்துச்சு, சத்தியமா. ஆனா வாயில வந்தது அதுதான். பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. போறதுக்கும் அங்க பூமி எங்க இருந்துச்சு, எல்லாத்தையும்தான் மூடி வெச்சிருந்தேனே.

மண்ணக் கொட்டி, சாக்கு விரிச்சு, கயித்தால பின்னங்காலு ரெண்டையும் சேத்துக் கட்டி, எல்லாரும் புடிச்சு ஒருவழியா எழுப்புனாங்க. எலும்புக்கு ஒண்ணும் ஆகல, ஆனா தசை பிசகியிருக்குது, இனிமே இந்தத் தரைய மிதிக்கவே கூடாது, மண்ணுல இருந்தா ஆறும்னு டாக்டரம்மா சொல்லுச்சு. எங்க காட்டுல அப்பத்தான் ஒழவு ஓட்டிக் கட்டி கட்டியாக் கெடந்துச்சு, அத்தனை தூரம் நடக்கவும் அதால ஆகாது. வேற வழியில்லாம அர்த்தனாரி கொட்டாய்க்கே கூட்டிட்டுப் போனாங்க. நானும் பின்னாலயே போனேன். மாலையோட, குங்குமத்தோட அது அந்த அழுக்குக்குள்ள நொழையுது. எனக்கு அப்பவும் ஐயோன்னுதான் இருந்துச்சு.

உள்ள போனதும் தரைய மோந்து பாத்துச்சுங்க தம்பி. மோந்து பாத்துட்டு ஒரு சுத்து சுத்துச்சு. முன்னங்காலை மடக்கி அப்பிடியே படுத்துக்கிச்சு. கயித்த இன்னும் கட்டக்கூட இல்ல. படுத்து, கழுத்த நீட்டித் தரையில வெச்சு ஒரு பெருமூச்சு உட்டுச்சு. வயித்துக்குள்ள இருந்து வந்த மூச்சு. அர்த்தனாரி மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. கொஞ்ச நேரத்துல அசை போட ஆரம்பிச்சு, கண்ணச் சொருகிக்கிச்சு. அத்தனை சனமும் சுத்தி நிக்குது, அதுக்கு ஒரு பயமும் இல்ல. நான் வளத்த மாடு, அது படுத்து அசை போடறத எத்தனை நாளு கழிச்சுப் பாக்கறேன்னு யோசிச்சேன். எனக்கு நெனப்பே வரல. அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. எல்லாரும் மாடு உழுந்ததுக்கு அழுகறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் அப்பிடியே நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டேன்.

போர்டு யாருக்கு வந்துச்சுன்னு கேக்கறீங்களா? வேற யாருக்கு, அர்த்தனாரிக்குத்தான். மாட்டுக்குச் சொகந்தான் முக்கியம்னு அந்தப் புள்ள எழுதிக் குடுத்துருச்சாம். நான் ஒண்ணு கேக்கறேன், சோம்பேறித்தனத்துக்கெல்லாமா போர்டு குடுப்பாங்க? அவன் அத வாசல்ல கூட மாட்டல. கோழிக்கூட்டுக்குக் கதவில்லாம இருந்துச்சு, அதுக்கு வெச்சு அடைச்சிருக்கறான். போகையில பாத்துட்டுப் போங்க.

தரகன் வந்தான், எங்கூட்டுக்காரரே திருப்பி அனுப்பிச்சுட்டாரு. மத்த மாட்டையெல்லாம் அன்னைக்குப் பொழுதோடயே அவுத்துக் காட்டு வேப்பமரத்தடிக்குக் கொண்டு போயிட்டாரு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இப்ப அங்கதான் கொட்டாய் போட்டிருக்குது, கீழ மண்ணு. கட்டுத்தறி காலியாத்தான் கெடக்குது. நான் தெனமும் தொடச்சுத்தான் வெக்கறேன், தொடைக்காம இருக்க முடியல. டைல்ஸப் பேத்துரலாம்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. பேத்தா ஊருல இன்னும் சிரிப்பாங்க. இருக்கட்டும்னு வெச்சிருக்கறேன்.

அதெல்லாங்கூடப் பரவாயில்லீங்க. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்கு இருக்கற வெசனம் வேற.

பவுனப் பாக்காம எனக்கு இருப்புக் கொள்ளல. ரெண்டு நாளு கழிச்சு, அச்சுவெல்லமும் பருத்திக்கொட்டையும் எடுத்துக்கிட்டு அர்த்தனாரி கொட்டாய்க்குப் போனேன். நல்லாப் படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் போனேன். என்னயப் பாத்ததும் அசை போடறத நிறுத்திருச்சு. காத வெறச்சுது. அப்பறம் அந்தப் பிசகுன காலை வெச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாக்குது தம்பி. நான் ஒரு சத்தம் போடல. கையில சீமாறு இல்ல, வெல்லந்தான் இருக்குது. வேண்டாஞ்சாமி, படு, எந்திரிக்காத, படுன்னு சொல்றேன். சொல்லச் சொல்ல இன்னும் அவசரமா எந்திரிக்குது. என்ற கொரலக் கேட்டா அதுக்கு எந்திரின்னுதான் கேக்குதாட்ட இருக்குது. முட்டி போட்டு, தடுமாறி, எந்திரிச்சு நின்னுருச்சு. நின்னுக்கிட்டு நடுங்குது. வெல்லத்த நீட்டுனேன், திங்கல.

திரும்ப வந்துட்டேன். மறுநாளு கொரலே குடுக்காமப் போனேன், எந்திரிச்சுது. வளையலக் கழட்டி வெச்சுட்டுப் போனேன், எந்திரிச்சுது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், படுக்க வெக்க ஏதாச்சும் வழி இருக்குதான்னு. இத்தனைக்கும் அந்தப் புள்ளையோட பேசக்கூடாதுன்னு இருந்தவ நான். காலு ஆற வரைக்கும் நீங்க கிட்டப் போகாம இருங்கம்மா, அதுதான் வைத்தியம்னுருச்சு. எந்திரிக்க வெக்க நான் பழக்குனேன், எல்லாருக்கும் செஞ்சு காட்டுனேன். படுக்க வெக்க எங்கிட்ட ஒரு வழியும் இல்ல. இப்ப எங்கூட்டுக்காரருதான் போயிக் கறந்துட்டு வர்றாரு. நல்லா இருக்குதாம். வீக்கம் வத்திருச்சாம். அவரு பக்கத்துல உக்காந்து பீடி குடிச்சாலும் அது பாட்டுக்குப் படுத்திருக்குமாம். அவரு வந்து சொல்லுவாரு, நான் கேட்டுக்குவேன்.

கட்டுத்தறி அந்தப் பக்கம் இருக்குது, போயி அளந்துக்கணும்னா அளந்துக்கங்க. பவுனையும் பாக்கோணுமா? வேலியோரமாவே போனீங்கன்னா அர்த்தனாரி கொட்டாயி. இந்நேரம் படுத்திருக்கும். நீங்க மட்டும் போயிப் பாத்துட்டு வாங்க தம்பி. நான் வரல. நான் வந்தா எந்திரிச்சுக்கும்.